அத்திப்பள்ளிக்காரர்களின் வரிசை

அத்தியாயம் 17

மத்திகிரி ரோட்டில் விடிகாலை ஆறு மணிக்கு நின்றால் கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கும், ரோட்டைக் கடக்கவே கால் மணி நேரம் ஆகும் என்பதெல்லாம் ஏழு மாதத்துக்கு முந்தைய கதை. இப்போது மூன்று பஸ் வந்தாலே பெரிது. அதிலும் பாதி சீட் காலி. பேப்பர்காரர்கள் இதைப் பொருளாதார மந்தநிலை என்று எழுதுகிறார்கள். மத்திகிரியில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. “கம்பெனி படுத்துருச்சு” என்பார்கள், அவ்வளவுதான்.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொள்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பவுலினா இந்த வார்டின் கவுன்சிலர், ஆளுங்கட்சி. அவள் கணவர் ஆரோக்கியநாதன் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் பிரேக் பாகம் செய்யும் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பர்மனென்ட் ஆளாக இருந்து, இப்போது வீட்டில் இருக்கிறார். ஆரோக்கியநாதனின் தம்பி எட்சன் எதிர்க்கட்சியின் வட்டச் செயலாளர். ஒரே காம்பவுண்டில் முன் வீடு அண்ணனுக்கு, பின் வீடு தம்பிக்கு. இரண்டு வாசலிலும் இரண்டு கொடி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் ஒரே ஆட்டோ.

வேலையிழந்தவர்களுக்கு மாதம் இருபது நாள் நகர வேலை தருகிறோம் என்று அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டு வந்திருந்தது. ஏரி தூர்வாருவது, கால்வாய் கட்டுவது, சானமாவு காட்டுப் பக்கம் யானை வராமல் அகழி வெட்டுவது என்று வேலைப் பட்டியல் நீளம். அதற்கான பதிவு முகாம் பவுலினாவின் வார்டில் இன்றைக்கு. முகாமைப் பூட்டுப் போட்டு நிறுத்துவேன் என்று எட்சன் சொல்லிவிட்டுப் போனதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

சொன்னவன் காலை ஏழு மணிக்கு அண்ணி கையால் இட்லி சாப்பிட வந்து உட்கார்ந்திருந்தான்.

“பூட்டு எடுத்துட்டு வந்துட்டியா?” என்று கேட்டபடி பவுலினா சட்னியை ஊற்றினாள்.

“வண்டியில இருக்குது அண்ணி.”

“நல்லது. சாப்ட்டுட்டுப் போயி பூட்டு.”

எட்சன் சிரிக்கவில்லை. “கம்பெனிக்கு வரியக் கொறச்சு, கரண்ட் பில்லுக்கு ஒரு வருசம் டைம் குடுத்தா கதவு தானா தொறக்கும். அத உட்டுட்டு, லேத் ஓட்டுனவன் கையில மம்முட்டியக் குடுத்து ஏரியத் தூர்வாரச் சொல்றீங்க. இதெல்லாம் எலெக்சனுக்குக் காட்டுற வித்தை.”

“கதவத் தொறந்து என்னத்தச் செய்யும்? செஞ்ச சாமான வாங்க ஆள் வேணாமா?” பவுலினாவுக்கு இந்த விவாதம் மனப்பாடம். “மொதல்ல ஜனங்க கையில கூலி வரட்டும். சாந்தம்மா மளிகைக் கடையில நாலு பேரு நின்னு சாமான் வாங்கட்டும். அதுக்கப்புறம் உங்க கம்பெனிங்க எழுந்து ஓடுறதப் பாரு.”

“சரி. அத்திப்பள்ளிக்காரங்களுக்கு?”

தமிழ்நாட்டுத் தொழிற்சாலையில் வேலை இழந்தவர்களுக்கு மட்டும் என்பது இந்த அரசாங்கத்தின் உத்தரவு. கர்நாடகத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்பது அந்த அரசாங்கத்தின் உத்தரவு. மத்திகிரியில் வாடகைக்கு இருந்துகொண்டு ஜுஜுவாடி செக்போஸ்ட்டைத் தாண்டி வேலைக்குப் போய் வந்த நூற்று நாற்பத்து மூன்று பேர் இந்த வார்டில் மட்டும் இருக்கிறார்கள். அவர்களை இரண்டு அரசாங்கமும் கணக்கில் எடுக்கவில்லை. அதில் ஒருவர் அடுத்த அறையில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

வேலை இல்லாத ஏழு மாதமும் ஆரோக்கியநாதன் காலையில் ஷூ பாலிஷ் போடுவதை நிறுத்தவில்லை. பவுலினா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை.

“என்னங்க, முகாமுக்கு வர்றீங்களா?” என்று எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

“நான் எதுக்கு? எனக்கு அங்க என்ன வேலை?” என்றார் அவர், தலை நிமிராமல்.

எட்சன் கை கழுவ எழுந்து போனான். அண்ணன் பக்கம் அவன் திரும்பியே பார்க்கவில்லை. கட்சி முறுக்கு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்று பவுலினா நினைத்துக்கொண்டாள்.

சமுதாயக் கூடத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. உள்ளே முந்நூறு பேர் வரிசையில் நின்றார்கள். வெளியே கேட்டை மறித்துக்கொண்டு நூறு பேருக்கு மேல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேல் எட்சனின் கட்சிக்கொடி பறந்தது. ஆனால் உட்கார்ந்திருந்தவர்கள் கட்சிக்காரர்கள் இல்லை என்பதை ஒரு பார்வையிலேயே அவள் புரிந்துகொண்டாள். எல்லாம் அத்திப்பள்ளி பஸ்ஸில் போய் வந்த முகங்கள்.

திம்மப்பன் எழுந்து நின்று கும்பிட்டார். அவர் வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், சந்தையில் தெலுங்கு. “கவுன்சிலரம்மா, அந்தப் பக்கம் போனா ‘நீவு தமிள்நாடு’ன்னு தொரத்துறாங்கோ. இந்தப் பக்கம் வந்தா உன் கம்பெனி கர்நாடகாங்கறாங்கோ. அப்ப நாங்க எங்க போறது, செக்போஸ்ட்ல பாய் போட்டுப் படுத்துக்கலாமா?”

யாரும் சிரிக்கவில்லை. பவுலினா அவர் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள்.

அவளுடைய கட்சியின் பகுதிச் செயலாளர் முனீஸ்வரன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “போலீசுக்குச் சொல்லிட்டேன். பத்து நிமிசத்துல அள்ளிட்டுப் போயிருவாங்க. நாலு மணிக்குள்ள எரநூறு பேராவது ஏறலைன்னா இந்த வார்டு வேலைய வேற வார்டுக்குத் தூக்கிக் குடுத்துருவாங்க, தெரியுமில்ல?”

“தெரியும். போலீசு வேணாம், நான் பேசறேன்.”

“உன் கொழுந்தன்னு பாக்குறியா?”

“என் வார்டு ஜனம்னு பாக்கறேன்.”

திட்ட அலுவலர் சமியுல்லா கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து ஒரு கட்டுத் தாளை நீட்டினார். போன வாரம் பெட்டியில் போட்ட விண்ணப்பங்களைச் சரிபார்த்துத் தயாரித்த முதல் பட்டியல் அது. கவுன்சிலர் கையெழுத்துப் போட்டால் வாசலில் ஒட்டிவிடலாம். பவுலினா பேனாவைத் திறந்து பெயர்களின் மேல் கண்ணை ஓட்டினாள். தெரிந்த பெயர்கள், தெரிந்த தெருக்கள்.

அறுபத்தொன்றாவது பெயர் ஆரோக்கியநாதன். கதவு எண்ணும் அவள் வீட்டுக் கதவு எண்தான்.

“சார், இந்த அறுபத்தொண்ணு, அந்த அப்ளிகேசனக் கொஞ்சம் குடுங்க.”

கொடுத்தார். எல்லைக்கு இந்தப் பக்கம் சிப்காட்டில் ஒரு லேத் பட்டறையில் மூன்று வருஷம் வேலை செய்து நின்றதாகப் பட்டறைக்காரரின் சான்றுக் கடிதம் இணைக்கப்பட்டிருந்தது. அந்தப் பட்டறை எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட ஆரோக்கியநாதனுக்குத் தெரியாது. யாரோ வேண்டாத வேலை பார்த்திருக்கிறார்கள், அவள் பெயரைக் கெடுக்கத் திருட்டுத்தனமாக எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். அந்த நினைப்பில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

பிறகு கையெழுத்தைப் பார்த்தாள். கன்னட எழுத்து.

அத்திப்பள்ளியில் சேர்ந்த புதிதில் சம்பளப் பதிவேட்டில் கன்னடத்தில்தான் கையெழுத்துப் போடவேண்டும் என்று ஒரு சூப்பர்வைசர் கட்டாயப்படுத்தினாராம். அன்றைக்குப் பழகியவர் ஆரோக்கியநாதன். பிறகு பேங்க் பாஸ்புக், மகள் ஃபெபாவின் மார்க் ஷீட், எல்லாவற்றிலும் அதே கன்னடம்தான். வேறு எவன் திருட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் தமிழில்தான் போட்டிருப்பான். இதைப் போட்டது அவரேதான்.

பவுலினாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அந்தக் கோபம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஒரு நாள்கூடத் தாமதமாக வேலைக்குப் போகாத மனுஷன், பொய்க் கடிதத்தை மடித்துப் பெட்டியில் போடும்போது எப்படி நின்றிருப்பார் என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் முன்னால் அழ முடியாது. விழுங்கிக்கொண்டாள்.

முனீஸ்வரன் தாளை எட்டிப் பார்த்துவிட்டார். “அட, உன் வூட்டுக்காரர் பேரு. இருந்துட்டுப் போவட்டும், வுடு. கவுன்சிலர் வூட்லயும் கஷ்டம்தான? யாரு போயி பட்டறையில விசாரிக்கப் போறா?” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ என் சொல்லுக்குள்ள இருந்தாப் போதும்.”

அந்தக் கடைசி வார்த்தையில்தான் பவுலினாவுக்குத் தெளிவு பிறந்தது. இந்தப் பெயரை விட்டுவைத்தால் இனி ஆயுசுக்கும் இந்த ஆள் சொல்லுக்குள்தான் இருக்க வேண்டும். அதைவிட, வெளியே தரையில் உட்கார்ந்திருக்கும் நூற்று நாற்பத்திரண்டு பேர் முகத்தில் எப்படி முழிப்பது?

விண்ணப்பத்தை அலுவலர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். பட்டியலை எடுத்துக்கொண்டு நேரே மைக்கிடம் போனாள். அந்தக் கூடத்து மைக்கில் பேசினால் நாலு தெருவுக்குக் கேட்கும்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. இந்தப் பட்டியல்ல அறுபத்தொண்ணாம் நம்பர் என் வீட்டுக்காரர் பேரு. அவரு வேல செஞ்சது அத்திப்பள்ளியில. இந்த உத்தரவுப்படி அவருக்கு இடமில்ல. தப்பான பேப்பர் குடுத்து உள்ள வந்திருக்கிற பேரு இது. நான் அடிச்சுட்டேன்.”

அடித்தாள். கூடம் முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது. முனீஸ்வரன் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தார். கேட்டருகே எட்சனின் முகம் வெளுத்துப் போயிருந்தது. அண்ணனை நினைத்துத் தம்பிக்கு வலிக்கிறது என்று பவுலினா நினைத்தாள்.

“அடிச்சது நியாயம்னா, இன்னொண்ணும் நியாயம்தான்,” என்று தொடர்ந்தாள். “வெளிய இருக்கிறவங்களும் இந்த வார்டு ஆளுங்கதான். அவங்களும் அப்ளிகேசன் குடுப்பாங்க. எட்சன், கேட்டத் தொற. அவங்கள எழுப்பி ரெண்டாவது வரிசையா நிக்க வையி.”

சமியுல்லா பதறிப்போய் ஓடி வந்தார். “மேடம், சிஸ்டம் எடுக்காது. கம்பெனி பின்கோடு போட்ட உடனே ரிஜெக்ட் ஆயிரும்.”

“ரிஜெக்ட் ஆவட்டும் சார். ஆனதுன்னு எழுதிக் குடுங்க.”

“எழுதியெல்லாம் குடுக்கற வழக்கமில்ல மேடம். வாயால சொல்லி அனுப்பிருவோம்.”

பவுலினா கவுன்சிலர் ஆவதற்கு முன் பதினொரு வருஷம் ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் அவள் கண்ணைத் தாண்டிப் போகும். அங்கே படித்ததை அவள் மறக்கவில்லை.

“சார், நான் செக்கிங்ல இருந்தவ. ஒரு பீஸ நாங்க ரிஜெக்ட் பண்ணா சும்மா தூக்கிப் போட முடியாது. ஒரு செவப்பு டேக் கட்டணும். என்ன காரணம், எந்த லைன், யாரு பாத்தது, எல்லாம் அதுல எழுதிக் கையெழுத்துப் போடணும். செவப்பு டேக் இல்லாம ஒரு பீஸ் ஓரமாக் கெடந்தா அன்னிக்கு எங்க வேலையே போயிரும். ஒரு இரும்புத் துண்டுக்கே அவ்ளோ மரியாதை. இவங்க மனுசங்க. காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

மைக் அணைக்கப்படவில்லை. கேட்டது அத்தனையும் கம்பெனிக் கூட்டம். சிவப்பு டேக் என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முதலில் உள்ளே இருந்த வரிசையிலிருந்துதான் குரல் வந்தது. “டேக் போடுங்க சார்.” பிறகு வெளியிலிருந்தும் வந்தது. “டேக் போடு, டேக் போடு” என்று இரண்டு பக்கமும் சேர்ந்து பிடித்துக்கொண்டது.

சமியுல்லா நல்ல மனுஷர்தான். மேலே இருந்து திட்டு விழுமே என்றுதான் பயம். கொஞ்ச நேரம் போனில் யாரிடமோ பேசினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எழுதிக் குடுக்கக் கூடாதுன்னு உத்தரவுல எங்கயும் இல்ல மேடம். குடுக்கறேன்,” என்றார்.

எட்சன் பூட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்தான். அவன் கட்சி ஆட்கள் இரண்டு பேர், “என்னப்பா இது, நிறுத்தத்தான வந்தோம்?” என்று மல்லுக்கு நின்றார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு அவனே முன்னால் வந்து வரிசை பிடித்தான்.

வரிசை வந்தது. ஆனால் மேஜைக்கு முன்னால் வர ஒருவரும் தயாராக இல்லை. இதையும் சொல்லியாக வேண்டும். எல்லாம் பதினைந்து வருஷம், இருபது வருஷம் பர்மனென்ட் ஆட்கள். உனக்குத் தகுதியில்லை என்று ஊர் பார்க்க எழுதி வாங்கிக்கொள்ள யாருக்கு மனசு வரும்? திம்மப்பன்கூட “நீ போ, நீ போ” என்று பின்னால் நின்றவரைத் தள்ளினார்.

அப்போதுதான் ஆரோக்கியநாதன் வந்தார். நாலு தெருவுக்குக் கேட்ட மைக் அவர் வீட்டுக்குக் கேட்காமல் இருக்குமா? பாலிஷ் போட்ட ஷூ, கம்பெனிச் சட்டை. வழி விட்டார்கள். யாரையும் பார்க்காமல் நேரே மேஜைக்கு வந்து நின்றார். எல்லார் முன்னாலும் திட்டுவார் என்றே பவுலினா எதிர்பார்த்தாள். திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

“என்னோடதுதான் மொதல்ல எழுதுங்க சார்,” என்றார் அவர். “பேரு ஆரோக்கியநாதன். கம்பெனி அத்திப்பள்ளி. உண்மையச் சொல்றேன்.”

சமியுல்லா எழுதினார். தமிழ்நாட்டில் வசிக்கிறார், தொழிற்சாலை கர்நாடகத்தில் உள்ளது, ஆகவே நிராகரிக்கப்படுகிறது. கையெழுத்து, சீல். சாட்சிக்குக் கவுன்சிலர் கையெழுத்து. பவுலினா போட்டாள். அவர் தாளை வாங்கிப் பார்த்து, இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். பின்னால் திம்மப்பன் முன்னுக்கு வந்தார். அதன் பிறகு வரிசை நிற்கவே இல்லை.

மூன்றரை மணிக்கெல்லாம் முதல் வரிசையில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பதிவாகிவிட்டார்கள். வார்டின் வேலை வார்டுக்கே. இரண்டாவது வரிசையில் நூற்று நாற்பத்து மூன்று பேருக்கும் காரணத்தோடு தாள். மாவட்டத்தில் எந்த வார்டிலும் இப்படி ஒரு கட்டு இல்லை. அதைக் கலெக்டர் மேஜையில் வைத்தால் எல்லைக்காரர்களே இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. பவுலினாவுக்குக் கால் கடுத்தது, காலையில் சாப்பிட்டதோடு சரி, ஆனாலும் உடம்பு லேசாகியிருந்தது. இன்னொரு முகாம் வை என்றால்கூட வைத்திருப்பாள். முனீஸ்வரன் எப்போது எழுந்து போனார் என்று அவள் கவனிக்கவே இல்லை.

கூடத்துக்குப் பின்னால் குழாயடியில் ஆரோக்கியநாதன் முகம் கழுவிக்கொண்டிருந்தார். பவுலினா பக்கத்தில் போய் நின்றாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்,” என்றார் அவர்.

“கேட்டிருந்தா அடிக்க விட்டிருப்பீங்களா?”

“விட்டிருக்க மாட்டேன்.” குழாயை மூடினார். “சும்மாவே உக்காந்திருக்க முடியல பவுலினா. ஏரியோ, கால்வாயோ, எதையாவது வெட்டுனாப் போதும்னு ஆயிருச்சு. உனக்குக் கெட்ட பேரு வரும்னு நெனைக்கல. அதுதான் என் தப்பு.”

அவள் முந்தானையை நீட்டினாள். அவர் முகம் துடைத்துக்கொண்டார்.

“அந்தப் பட்டறை லெட்டர உங்களுக்கு யாரு குடுத்தா?”

அவர் கேட் பக்கம் பார்த்தார். “எட்சன்.”

எட்சன் கேட்டருகே தனியாக நின்று கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பவுலினா அவனிடம் நடந்து போனாள். அண்ணன் பின்னால் வருவதையும் பார்த்ததும் அவன் சுருட்டுவதை நிறுத்தினான்.

“அண்ணன் சொல்லிட்டாரா அண்ணி?”

“சொல்லிட்டாரு. ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும். உங்கண்ணனுக்காகச் செஞ்சியா, கட்சிக்காகச் செஞ்சியா?”

“வாங்குனது அண்ணனுக்காகத்தான். மாதா மேல சத்தியமா. அவரு அப்படி உக்காந்திருக்கறதப் பாக்க முடியல. அப்புறம் எங்க கட்சி மாவட்ட ஆபீஸ்ல இருந்து கேட்டாங்க, கவுன்சிலர் வூட்ல எதுனா கெடைக்குமான்னு. குடிச்சிருந்தேன் அண்ணி. வாய் உளறிட்டேன். லெட்டர் காப்பி, அண்ணன் கையெழுத்துப் போட்ட அப்ளிகேசன் காப்பி ரெண்டும் இப்ப அவங்ககிட்ட இருக்குது.”

பவுலினாவுக்கு அவனை அறையலாம் போல இருந்தது. அறைந்தால் தீருமா? பட்டியலில் பெயரை அடித்துத் தன் பதவியைக் காப்பாற்றிக்கொண்டாள். பொய்க் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட மனுஷன் மேல் கேஸ் போட அந்த இரண்டு காப்பியே போதும். அவள் நிமிர்ந்து நின்றாள்.

“எப்ப வெளிய விடப் போறாங்க?”

“நாளைக்குப் பத்து மணிக்கு. பிரஸ்காரங்களக் கூப்பிட்டிருக்காங்க.”

“அப்ப பத்துக்கு முன்னாடி நாமளே கிருஷ்ணகிரியில கலெக்டர் ஆபீஸ்ல நிக்கணும். இந்த நூத்தி நாப்பத்து மூணு தாளையும் குடுப்போம். அதோட சேர்த்து நடந்தத நாமளே சொல்லிருவோம். லெட்டர் வாங்குனது நான்தான்னு நீ சொல்லணும் எட்சன்.”

“சொன்னா என்னயக் கட்சியில இருந்து தூக்கிருவாங்க அண்ணி.”

“என்னயும்தான் தூக்குவாங்க. மூணு பேரும் போவோம். எட்டு மணி பஸ்.”

எட்சன் கொடிக் கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு அண்ணனைப் பார்த்தான். காலையிலிருந்து அவன் அண்ணன் முகத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆரோக்கியநாதன் சட்டைப் பையிலிருந்த தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“எட்டு வேணாம்,” என்றார். “ஏழு மணி பஸ்ஸப் புடிப்போம். லேட்டாப் போயி எனக்குப் பழக்கமில்ல.”